பேரன் தீவும் என் பேரனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல எரிமலை பத்தி போட்டிருந்தீங்க, அந்தமான் பேரன் தீவு போட்டோ பிரமாதம், என் பேரன் அதப் பாத்துட்டு "யாரோட பேரன் தாத்தா?"ன்னு கேக்குறான், தரிசுன்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் பேருடான்னு சொல்லி வெச்சேன். ஆனா கீழ "தட்டுகள் உரசுற சூட்டுல பாறை உருகி எரிமலை வருது"ன்னு இருக்கே (தட்டுன்னா பூமியோட மேற்பரப்பு பிரிஞ்சு கெடக்குற பெரிய பாறைத் துண்டு), அது சரியில்லீங்க.

அங்க வேலையப் பாக்குறது தண்ணி. இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில சொருகிட்டுப் போகுது, கோடிக்கணக்கான வருஷம் கடலுக்கடியில ஊறிக் கெடந்த பாறை அது, கனிமத்துக்குள்ளயே தண்ணிய வெச்சிருக்கும். சுமார் 100 கிலோமீட்டர் ஆழம் போறதுக்குள்ள அழுத்தமும் சூடும் சேந்து அந்தத் தண்ணியப் பிழிஞ்சு மேல விடுது. அதுக்கு மேல இருக்குற மேண்டில், அதாவது பூமியோட மேலோட்டுக்குக் கீழ இருக்குற தடிச்ச அடுக்கு, அந்தப் பாறை ஏற்கனவே கொதிக்கிற சூடு, ஆனாலும் கெட்டியாத்தான் இருக்கும் (உங்க படத்துல செவப்பா கடல் மாதிரி வரைஞ்சிருக்கே, அதுவும் தப்பு), தண்ணி சேந்ததும் உருகுநிலை எறங்கிடும், சூடு ஏறாமலே உருக ஆரம்பிச்சுடும். குல்ஃபிக்காரர் பானையில ஐஸ் மேல கல்லுப்ப அள்ளிப் போடுவாரே, அடுப்பே இல்லாம ஐஸ் கரையும்ல, அந்த மாதிரி.

இதச் சொன்னதும் பேரன் விடல, "இமயமலையிலயும் தட்டு மோதுதே, அங்க ஏன் எரிமலை இல்ல?"ன்னான். நல்ல கேள்வி. அங்க இப்ப ரெண்டு பக்கமும் கண்டம், தண்ணியோட உள்ள போக கடல் தரையே மிச்சமில்ல, மோதி மோதி மேலோடு தடிச்சுப் போச்சு. ஐஸ்லாந்துல நேர் எதிர், தட்டு ரெண்டும் விலகுது, கீழ இருக்குற பாறை மேல ஏறி வர்றப்ப அழுத்தம் கொறஞ்சு உருகுது. ஹவாய் தட்டோட ஓரத்துலயே இல்ல, நடுவுல இருக்கு, அது தனிக் கதை.

பேரன் தீவு 1787ல வெடிச்சதுக்கு பதிவு இருக்கு, பெறகும் சில தடவ வெடிச்சிட்டு, நூறு வருஷத்துக்கு மேல தூங்கி 1991ல முழிச்சிக்கிச்சு, இப்பவும் அப்பப்ப பொகையுது. 2004 டிசம்பர் 26 காலைல எங்க கடற்கரைக்கு அலைய அனுப்புனதும் இதே சொருகல்தான். அந்தப் படத்த மட்டும் திருத்தி இன்னொரு ஞாயிறு போடுங்க, பழசக் கிழிச்சிட்டு ஒட்டணும்னு நோட்டுல எடம் விட்டு வெச்சிருக்கான்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா, நாகப்பட்டினம்