நாளைய ஊசிப் பயிற்சி: வரும் முன் படித்துவிடுங்கள்

இரண்டாம் ஆண்டு பிள்ளைகளுக்கு வணக்கம். நாளை காலை 9 மணிக்கு லேபில் ஊசிப் பயிற்சி. ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு வேண்டும், சாத்துக்குடி என்றாலும் சரி. குத்திய பழத்தை யாரும் உரித்துச் சாப்பிடாதீர்கள், போன வருடம் அதுவும் நடந்தது!

ஊசி பிடிக்கும் கோணம்: தசைக்கு 90 டிகிரி, தோலுக்கு அடியில் 45, தோலுக்குள் 10 முதல் 15. கடைசியதுதான் கையை நடுங்க வைக்கும். பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போடும்போது தோலில் சின்னக் கொப்புளம் எழும்பினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்சுலின் சிரிஞ்சில் மூடியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு என்றால் 100 யூனிட் மருந்துக்கு. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு தப்பிப்போகும்.

போட்டு முடித்த ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டவே கூடாது. நேராக நீடில் கட்டர், அப்புறம் வெள்ளை டப்பா. நான் படிக்கும்போது மூடப் போய் விரலில் குத்திக்கொண்டு, மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தேன். வார்டில் யாருக்காவது குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே என்னிடம் சொல்லுங்கள். திட்ட மாட்டேன்.

நகம் வெட்டிக்கொண்டு வரவும்.