பந்தியில் விலகி நின்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன ஞாயிறு கோவிலில், அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பார்த்தேன். மூப்பர் ஐயா முழங்கால்படியிட்ட பந்தியில் உனக்கு இடம் இருந்தது. நீ போகவில்லை, அடுத்த பந்திக்குக் காத்திருந்தாய். அவர் கிராதியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பி வந்தார். உன் பெஞ்சுப் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கில் அவர்மேல் குற்றம் இல்லை என்று நீயே ஒத்துக்கொள்கிறாய். இளையவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவரைச் சபைக் கமிட்டியிலிருந்து நீக்கினோம் என்கிறாய். "ஆதிச்சபையில் யாரும் பதவியைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை அக்கா" என்று வேறு சொன்னாய். நீ ஆதிச்சபையை, அந்தத் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களை, இழுத்ததால்தான் எழுதுகிறேன். உன்னைப்போல் யோசிக்கிறவர்களும் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

கிரேக்க நாட்டுக் கொரிந்து பட்டணத்துச் சபையில் இதேதான் நடந்தது. "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று அவர்கள் ஊழியக்காரர் பெயரால் பிரிந்து நின்றதை அப்போஸ்தலனாகிய பவுல் கண்டித்து எழுதியது உனக்குத் தெரியும். ஏறத்தாழ 40 வருஷம் கழித்து அதே சபையில் சிலர் சேர்ந்து, குற்றமில்லாமல் ஊழியம் செய்துவந்த மூப்பர்களை நீக்கிவிட்டார்கள். விஷயம் ரோமாபுரிக்கு எட்டியது. அங்கிருந்து 65 அதிகாரம் கொண்ட ஒரு நீண்ட கடிதம் போனது. கி.பி. 96-ஐ ஒட்டி எழுதியது என்பார்கள். எழுதியவர் ரோம் சபைத் தலைவர்களில் ஒருவரான கிளமெந்து என்பது பழைய மரபு. ஆனால் கடிதத்துக்குள் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ரோமில் பரதேசியாய், அதாவது சொந்த ஊரில்லாத அந்நியராய், தங்கியிருக்கும் தேவசபை, கொரிந்துவில் பரதேசியாய்த் தங்கியிருக்கும் தேவசபைக்கு எழுதுவதாகத்தான் தொடங்குகிறது. பரதேசிகளுக்குள் எந்த நாற்காலிக்காகச் சண்டை, தம்பி?

அந்தக் கடிதம் நீக்கப்பட்ட மூப்பர்கள் பக்கம்தான் நிற்கிறது, மறைக்கவில்லை. ஓரிருவர் நிமித்தம் இவ்வளவு பழைமையான சபை மூப்பர்களுக்கு எதிராகக் கிளம்பியது வெட்கக்கேடு என்று நேராகவே சொல்கிறது. ஆனாலும் உயரத்தில் நின்று பேசவில்லை. உங்களுக்குப் புத்திசொல்ல மட்டும் இதை எழுதவில்லை, எங்களுக்கும் நினைப்பூட்டிக்கொள்கிறோம், நாமெல்லாரும் ஒரே களத்தில்தான் நிற்கிறோம் என்கிறது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்கு இத்தனை நாள் புத்தி சொன்னேனே, ஒரு தடவையாவது இப்படிச் சொன்னேனா?

பரிசுத்தத்தைப் பற்றி அந்த ரோம் சபையார் சொல்வதையும் கேள். நாம் பரிசுத்தருடைய பங்கு, ஆகையால் பரிசுத்தத்துக்கு உரியதையே செய்வோம் என்றுவிட்டு, விலக்கவேண்டியவற்றில் முதலாவதாகச் சொல்வது பிறரைத் தூற்றுவதை. கொஞ்சம் தள்ளி, காதோடு காதாகக் கோள் பேசுவதையும் சேர்க்கிறார்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஐயாவைப் பற்றிச் சுற்றியதை நானும் படித்தேன்.

நீ கட்டாயம் வாசிக்கவேண்டியது 54-ஆம் அதிகாரம். கலகம் செய்தவர்களை அங்கே கேவலப்படுத்தவில்லை. உங்களில் பெருந்தன்மை உள்ளவன் யார், அன்பு நிறைந்தவன் யார் என்று கேட்கிறார்கள். அப்படிப்பட்டவன், "என்னால்தான் கலகமும் பிரிவினையும் என்றால் நான் விலகுகிறேன், நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போகிறேன், கிறிஸ்துவின் மந்தை மட்டும் மூப்பர்களோடு சமாதானமாய் இருக்கட்டும்" என்று சொல்லட்டும் என்கிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே, தங்களை அடிமைகளாக விற்று அந்தப் பணத்தில் மற்றவர்களுக்குச் சாப்பாடு போட்டவர்களைப் பற்றி வருகிறது. அவர்களை எங்கோ தேடி எடுக்கவில்லை, "நம்மிடையே பலர்" என்கிறார்கள்.

கடிதத்தைக் கொண்டுபோனவர்கள் இளமைமுதல் முதுமைவரை சபை நடுவில் குற்றமில்லாமல் நடந்தவர்கள். மூத்தவர்களை ஒதுக்கிய ஊருக்கு வயதானவர்களையே அனுப்பியிருக்கிறார்கள் பார்!

கொரிந்து அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடவில்லை. ஏறத்தாழ 170-இல் அங்கே ஆயராக இருந்த தியோனீசியு, ரோமுக்கு எழுதும்போது, அதை இன்னும் ஆராதனையில் வாசித்துவருவதாகச் சொல்கிறார். தங்களைக் கண்டித்து வந்த கடிதத்தைத் தலைமுறை தாண்டியும் சபையில் சத்தமாக வாசித்துக் கேட்டிருக்கிறார்கள், தம்பி.

கமிட்டி முடிவைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வருகிற திருவிருந்து ஞாயிறு, ஐயா எந்தப் பந்தியில் போகிறாரோ அந்தப் பந்தியிலேயே நீயும் போ. அவருக்கு மூட்டுவலி. எழும்பும்போது கை கொடு.

உன் அக்கா