முப்பதாயிரத்துக்கு அடுத்த வரி

பவானி, பள்ளிபாளையம், பெருந்துறை, கோபி பக்கம் எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கமுங்க. எங்கப்பா பவானியில் நாற்பது வருசம் ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தவர். வயது 67. போன ஐப்பசியில் முழங்காலுக்குக் கீழே கேழ்வரகைத் தூவினாற்போல் சிவப்புப் புள்ளிகள் வந்தன. டெங்கு என்று நாங்களே முடிவுகட்டி நிலவேம்புக் கஷாயம் கொடுத்தோம். காய்ச்சலே இல்லை. டெஸ்ட்டில் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு, 36,000. ஐ.டி.பி. என்றார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கிற நோய்.

"முப்பதாயிரத்துக்கு மேல இருக்குதுங்க, பயமில்லை, மாசம் ஒருக்கா டெஸ்ட் எடுங்க" என்று அனுப்பி வைத்தார்கள். ஒன்பதாம் நாள் வயிற்றுக்குள் ரத்தம் போய், மலம் தாராகக் கறுத்து, அப்பா கக்கூஸ் வாசலில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார்.

இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் தானே வாங்கி டைக்ளோஃபினாக்கும் போடுவார். இரண்டுமே ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை. இரண்டையும் யாரும் கேட்கவில்லை. விழுவதற்கு நான்கு நாள் முன்பே கன்னத்தின் உள்ளே இரண்டு ரத்தக் கொப்புளம் இருந்திருக்கிறது. பல்லில் கடித்துக்கொண்டதாக நினைத்திருக்கிறார். எண் என்ன என்றே எல்லோரும் கேட்டோம். வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

பிறகுதான் அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டலைத் தேடிப் படித்தேன். 30,000-க்கு மேல், ரத்தப்போக்கு இல்லாமலோ லேசாகவோ இருந்தால் கவனித்து வந்தால் போதும் என்கிறது. அதை ஒட்டியே இன்னொன்றும் சொல்கிறது: எண்ணிக்கை அந்த எல்லையை ஒட்டி இருந்தாலோ, வேறு நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டாலோ, ஆபரேஷன் வரவிருந்தாலோ, வயது 60 தாண்டியிருந்தாலோ, ஸ்டீராய்டு சிகிச்சை பொருத்தமாக இருக்கலாம். அப்பாவைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நம் ஊரில் முதல் வரி மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. எங்கள் தெருவில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு 22,000. தோலில் புள்ளிகள் மட்டும். நகையை அடகு வைத்து ஆறு பை பிளேட்லெட் ஏற்றினார்கள். மறுநாள் எண்ணிக்கை பழைய இடத்துக்கே வந்தது. ஐ.டி.பி.யில் ஏற்றுகிற அணுக்களையும் உடம்பு அழித்துவிடும். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கில்தான் அதற்கு வேலை. (சிலருக்கு ரத்தம் எடுத்த டெஸ்ட் டியூபிலேயே அணுக்கள் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை பொய்யாகக் குறையும் என்பதால் மைக்ராஸ்கோப் ஸ்லைடில் ஒருமுறை பார்ப்பதும் முக்கியம்.)

2013-இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று தோல், வாய் மூக்குச் சவ்வு, உள்ளுறுப்பு என்று தனித்தனியாக ரத்தப்போக்குக்குத் தரம் போடும் முறையைத் தந்தது. முழுசாக நிரப்ப உங்களுக்கு நேரம் இருக்காது, தெரியும். டார்ச் அடித்து நாக்கின் அடியையும் கன்னத்தையும் பாருங்கள். முன்பு எங்காவது ரத்தம் போனதா, மாதவிடாய் மிகுதியா, பல் பிடுங்கப் போகிறார்களா என்று கேளுங்கள். பிரஷர், சிறுநீரகம் பாருங்கள். அதையெல்லாம் சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆஸ்பிரினை நிறுத்துவதா என்பதை இருதய டாக்டரோடு பேசி நீங்களே சொல்லுங்கள். பயத்தில் நாங்களாக நிறுத்திவிடுவோம்.

அப்பா இப்போது எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கேட்டால் எடுத்துக் காட்டுவார். கேட்காவிட்டால், டாக்டருக்கு எதற்குத் தொந்தரவு என்று மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேளுங்கள்.

இப்படிக்கு,
பவானியிலிருந்து ஒரு மகள்