கொல்லையில் ஏழு பொருள் புதைத்திருக்கிறேன்

உச்சிப்புளி,
மார்கழி மாதம்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் நலம். மழை விட்டுவிட்டது, வாடை மட்டும் இன்னும் அடிக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் முகம் சுண்டிப்போயிருக்கும். மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறேன், பொங்கலுக்கு வரும்போது தனுஷ்கோடியில் தேடலாம், பெரிய அப்பத்தாவின் காதில் போடும் தண்டட்டி கிடைத்தாலும் கிடைக்கும் என்று நீ சொன்னதும் எனக்குப் பேச்சு எழவில்லை. எழுத்தில் என்றால் நிதானமாகச் சொல்லலாம்.

முதலில், நீ இதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இருபத்தொரு வருஷம் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன் நான். அந்த வேலையைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கிற முதல் ஆள் நீதான்.

2002-ல் ராஜஸ்தான் எல்லையில், நம் ராணுவமே புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுக்கும் வேலையில் இருந்தேன். எந்த வரிசையில் எத்தனை வெடி என்று படம் கையில் இருக்கும். ஆனால் காற்றில் மணல்மேடு நகர்ந்து, மேலாக வைத்தது எங்கோ ஆழத்துக்குப் போயிருக்கும், அல்லது வெளியே தலைகாட்டிக்கொண்டு நிற்கும். மெஷினில் சத்தம் வந்த இடத்தில் மண்டியிட்டு, கூரான கம்பியை மேலிருந்து குத்தாமல் சாய்வாக, சுமார் முப்பது டிகிரியில் மெல்ல நுழைத்துப் பார்ப்போம். ஒரு நாளில் நாங்கள் முடித்த தரையை நம் வீட்டு வாசலில் இருந்தே பார்த்துவிடலாம், அவ்வளவுதான் இருக்கும். கடற்கரையில் உனக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் அந்த நிதானம் வேண்டும். இன்று எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்று பார்க்காதே. நாலு கயிறு கட்டிப் பத்தடிக்குப் பத்தடி எடுத்துக்கொண்டு அதை முழுசாக முடி.

மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தட்டு மாதிரி இருக்கும் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்சாரம் திசை மாறி மாறி ஓடுகிறது. அதனால் கீழே ஒரு காந்தப்புலம் விரியும். அந்தப் புலத்துக்குள் உலோகம் இருந்தால் அதற்குள்ளும் சின்னச் சுழல் மின்னோட்டம் கிளம்பி, தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். இன்னொரு காயில் அதைப் பிடித்துச் சத்தமாக்கித் தருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். சாதாரண ஒற்றை அதிர்வெண் மெஷினைக் கொண்டுபோய் ஈரமணலில் வைத்தால் ஒன்றுமே இல்லாத இடத்திலும் கத்திக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்கிற மெஷின் உப்பைச் சமாளிக்கும். நம் ஊருக்கு அதுதான் சரி. பணம் போதவில்லை என்றால் ஒற்றை அதிர்வெண்ணே வாங்கு, அலை தொடாத காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள். எந்த மெஷினும் நாணயம் அளவுள்ள பொருளை ஒரு சாண் ஆழத்துக்குள் காட்டினாலே நல்ல மெஷின்.

இருபதடி ஆழத்தில் தங்கம் மட்டும் காட்டும், ஆன்டெனாவைக் கையில் பிடித்தால் புதையல் பக்கம் திரும்பும் என்று விற்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதே. அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. அரிசியை இழுக்கும் என்று சொல்லும் ரைஸ் புல்லிங் கலசம், இரிடியம் என்று ஊர் ஊராக ஏமாற்றுகிறவர்களின் சரக்கு அது. என்னோடு பட்டாளத்தில் இருந்தவர் ஒருவர் ஓய்வுப் பணத்தில் பாதியை இப்படி ஒருவனிடம் கொடுத்துவிட்டு, இன்று வரை வீட்டில் தலைநிமிர்ந்து பேச முடியாமல் இருக்கிறார்.

காயிலைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், தரைக்குச் சமமாக வீசு. கதிர் அறுக்கிறவர்கள் அரிவாளை வீசுகிற மாதிரி முடிவில் மேலே தூக்கிவிடாதே, ஓரங்கள் தப்பிவிடும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மறுபடி தொட வேண்டும். சத்தம் வந்ததும் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை வீசிப் பார். இரண்டும் வெட்டும் இடத்தில் பொருள் இருக்கும். ஹெட்போன் கட்டாயம் போடு. ஆழத்தில் இருப்பதன் சத்தம் மூச்சு விடுகிற மாதிரித்தான் கேட்கும், காற்றடிக்கும் கரையில் ஸ்பீக்கரில் அது காதில் விழாது. வளையல், மோதிரம், போன் எதுவும் காயிலுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, உடம்புக்குள் தங்கிய குண்டைத் தேட டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் இப்படி ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் குழப்பின என்பார்கள், டாக்டர்கள் உடம்பின் வலப்பக்கத்தை மட்டும் தேடவிட்டதும் ஒரு காரணம்.

நீ பார்க்கும் வீடியோக்களெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் எடுத்தவை. திரையில் எந்த எண் வந்தால் எந்தக் காசு என்று அவர்கள் சொல்வதை மனப்பாடம் செய்யாதே. நம்முடைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் இப்போது காந்தத்தில் ஒட்டுகிற எஃகு. இரும்பை ஒதுக்கு என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டால் அந்தக் காசுகளையும் சேர்த்து ஒதுக்கிவிடும். வெள்ளி மெட்டி உயர்ந்த சத்தம் தரும். தங்க மோதிரமோ நடுவில் விழும், கூல்டிரிங்ஸ் டப்பாவின் வளையமும் அதே இடத்தில்தான் விழும். இரண்டையும் மெஷினால் பிரிக்க முடியாது, தோண்டித்தான் பார்க்க வேண்டும். மெல்லிய சங்கிலியைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். மெஷினுக்கு முழுச் சங்கிலி தெரியாது, ஒரு கண்ணி மட்டும்தான் தெரியும். அதனால் முதல் ஆறு மாதம் எதையும் ஒதுக்காமல் வைத்து எல்லாவற்றையும் தோண்டு. சோடா மூடி, வலையில் கட்டுகிற ஈயம், துருப்பிடித்த தூண்டில் முள், ஆணி என்று வந்துகொண்டே இருக்கும். அலுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வா. பாசி எடுக்கப் போகும் பெண்கள் வெறுங்காலோடு நடக்கிற கரை அது, நீ எடுக்கும் ஒவ்வொரு முள்ளும் ஒரு காலுக்கு நல்லது. குழியை மூடாமல் நகராதே. கையுறை வாங்கிக்கொள், வருவதற்கு முன்னால் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்.

எங்கே தேடலாம் என்பதற்கு வருகிறேன். நம் ஊரில் இதுதான் பெரிய கேள்வி.

அரியமான் கரையில் ஆரம்பிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வந்து குளிக்கிறார்கள், சாவி, மோதிரம் என்று எதையாவது விட்டுவிட்டுப் போகிறார்கள். வாடைக்காலத்தில் வடகடல் அலை கரையை அரித்து மேல்மணலை எடுத்துப் போயிருக்கும், அதனால் தை மாதம் நல்ல சமயம். போன வருஷம் பரமக்குடியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கல்யாண மோதிரத்தை அங்கேதான் எடுத்துக் கொடுத்தேன். ‘எந்த இடத்தில் துண்டை உதறினாய் தாயி’ என்று கேட்டேன், அந்த இடத்தைச் சுற்றி நாற்பது நிமிஷம். அந்தப் பிள்ளை அழுத அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்குப் போக வேண்டாம். அமாவாசைக் கூட்டம் விட்ட காசை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தேடுகிறவர்களின் பிழைப்பு அது. மெஷினோடு போய் அவர்கள் முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை, உனக்கும் வராது.

போகும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். 2023-ல் மண்டபம் பக்கம் கடத்தல்காரர்கள் கடலில் வீசிய தங்கத்தை ஆட்களை முக்குளிக்கவிட்டு எடுத்தார்கள் இல்லையா? கடலோரக் காவல், கஸ்டம்ஸ், கடற்படை எல்லாருடைய கண்ணும் உள்ள கரை இது. விடிகாலையில் ஒரு பெண் மெஷினோடு தனியாகத் தோண்டினால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள், கேட்பதும் நியாயம்தான். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை இருக்கும் இருபத்தொரு தீவும் கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கவே கூடாது. தை, மாசியில் ஆமை ஏறி முட்டையிடும். மேட்டு மணலில் ஆமைத் தடம் பார்த்தால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடு.

அழகன்குளத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் மெஷினைக் கொண்டுபோகிற நினைப்பே வரக்கூடாது. இதை அப்பா கட்டளையாகவே சொல்கிறேன். 2016-17-ல் அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது பல நாள் போய் நின்று பார்த்தேன். சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, சின்னக் கொத்தும் பிரஷ்ஷும் வைத்து, ஒரு மண்ணடுக்கை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டார்கள். கண்ணிவெடி எடுக்கிற மாதிரியே இருந்தது. அங்கே ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது, கப்பல் வரைந்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. காசு எந்த அடுக்கில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்த அடுக்கின் காலத்தைச் சொல்கிறார்கள். அந்தக் காசை நீ மெஷின் வைத்துப் பிடுங்கி எடுத்தால் கையில் ஒரு பச்சை பிடித்த செம்பு இருக்கும், மண்ணில் ஒரு ஓட்டை இருக்கும். வேறொன்றும் மிஞ்சாது.

சும்மா கரையில் தேடும்போதே பழசு அகப்பட்டால்? அகப்படலாம். காளையும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு, சேதுபதிகளின் செப்புக்காசு, டச்சுக் கம்பெனியின் முத்திரை போட்ட காசு எல்லாம் புழங்கிய கரை இது. மேற்கொண்டு தோண்டாதே. தேய்க்காதே, புளி போட்டு விளக்காதே. கிடந்தபடியே போட்டோ எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் நோட்டில் எழுதி என்னிடம் சொல். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கிடைக்க வேண்டிய பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. நாம் இரண்டு பேரும் ராமநாதபுரம் போய்க் கொடுத்துவிட்டு வருவோம்.

இப்போது தனுஷ்கோடி.

பெரிய அப்பத்தாவின் தண்டட்டி டிரங்குப் பெட்டியில் இருந்தது, பெட்டியோடு புயலில் போயிற்று என்று உன் அப்பத்தா உனக்குச் சொல்லியிருக்கிறாள். நீ அப்போது சின்னப் பிள்ளை, அதனால் அப்படிச் சொன்னாள். பெட்டியில் இல்லையம்மா. அவள் காதில் இருந்தது. கல்யாணத்துக்குப் போட்டதை ஒரு நாளும் கழற்றியதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து போன ரயிலே அலையில் போயிற்று, நூறு பேருக்கு மேல் அதில் மட்டும் செத்தார்கள். கரையோரக் குடிசையில் இருந்தவர்களை யார் கணக்கெடுத்தார்கள்? தண்ணீர் வடிந்த பிறகு உன் தாத்தா நாலு நாள் அந்த மணலில் தேடினார். ‘உன் அக்காவைப் பார்க்கவில்லை’ என்று திரும்பி வந்து அப்பத்தாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அப்பத்தா தன் காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டாள், சாகும் வரை போடவில்லை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது இது, ஆனாலும் அவளுடைய வெறும் காதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அந்த மணலில் மெஷின் சத்தம் போட்டால் அதைத் தோண்ட என் கை வராது கயல். கீழே கிடப்பது யார் காதில், யார் கையில் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீயும் தோண்ட வேண்டாம். ஒரு நாள் நாம் மூன்று பேரும் வெறுங்கையோடு போவோம். உன் தாத்தா தேடிய இடத்தை அவர் எனக்குக் காட்டியிருக்கிறார், உனக்குக் காட்டுகிறேன்.

சரி, பொங்கலுக்கு வரும்போது உன் பழைய செருப்பை எடுத்து வா, இரும்பு பக்கிள் இல்லாததாக. மெஷின் இப்போது வாங்காதே, என்னுடையதில் பழகிவிட்டு உன் கைக்கு எது ஒத்து வருகிறது என்று பார்த்து வாங்கலாம். கொல்லையில் முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஏழு பொருள் புதைத்திருக்கிறேன். ஆணி ஒன்று, சோடா மூடி இரண்டு, வலை ஈயம், ஒரு ரூபாய்க் காசு, டப்பா வளையம், உங்கம்மாவின் பழைய வெள்ளி மெட்டி. மெட்டி எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறது. எந்த இடம் என்று உங்கம்மாவுக்கும் தெரியாது, அவளிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

போகிப் பண்டிகைக்கு முந்தின நாளே வந்துவிடு. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா