வராந்தாவில் ஒரு மணி நேரம்

கொழிஞ்சாம்பாறை,
டிசம்பர் 8

அன்புள்ள கந்தசாமி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. எங்கள் கவர்மென்ட் ஆபீஸ் வழக்கப்படி இது சீக்கிரம்தான். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. காற்று ஆரம்பித்துவிட்டது, ராத்திரி பூரா பனை சலசலக்கிறது.

போன தடவை உன் பம்ப் கம்பெனியில் சொன்னாயே, டொயோட்டா கார் கம்பெனியின் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் எஞ்சினியரை நிற்கவைத்து, "பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று. சரி, நாமும் பார்ப்போமே என்று திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு எங்கள் ஆபீஸ் வராந்தாவிலேயே உட்கார்ந்தேன். பியூன் டீ கொண்டுவந்து கொடுத்து மானத்தை வாங்கினார்.

ஒரு மணி நேரத்தில் 31 பேர். புதிதாக மனு கொடுக்க வந்தவர்கள் 12 பேர்தான். மீதிப் பேர் "என் பேப்பர் என்னாச்சு", "ஏன் திருப்பிட்டீங்க" என்று கேட்க வந்தவர்கள். ஒழுங்காகச் செய்யாததால் திரும்பி வருகிற வேலை என்று இதைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் ஜான் செடன் என்ற பிரிட்டன்காரர். ஆள் பற்றவில்லை என்று இருபது வருஷமாக நானும் புலம்பியிருக்கிறேன். கூட்டத்தில் பாதிக்கு மேல் நாங்களே வரவழைத்தது!

ஒரு பாட்டி, கையில் மஞ்சப்பை. வீட்டுக்காரர் பெயர் பொள்ளாச்சிப் பள்ளிச் சான்றிதழில் 'ப. ஆறுமுகம்'. இங்கே ரேஷன் கார்டில் மலையாளத்தில் 'ஆறுமுகன் பி.' இனிஷியல் பின்னால் போய், 'ம்' இருந்த இடத்தில் 'ன்' உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசில் சான்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறோம். அதுவும் 18 நாள் கழித்து, நான்காவது மேசையில் கண்டுபிடித்து! மனு வாங்கும்போதே கவுண்டரில் பார்த்திருந்தால் அரை நிமிஷ வேலை. பழுதாக வார்த்த பம்ப் காஸ்டிங்கைக் கடைந்து, துளைபோட்டு, பெயின்ட்டும் அடித்த பிறகா நீங்கள் தள்ளுவீர்கள்?

அந்தப் பாட்டியின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். குறிப்பு எழுத, படிக்க, கையெழுத்துப் போட எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது. மற்றதெல்லாம் மேசையில் தூங்கிய நேரம். மனுவை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்கிற சேவை உரிமைச் சட்டம் கேரளத்தில் 2012-லேயே வந்தது, கெடு தாண்டினால் அபராதம் உண்டு. ஆனால் கெடு நெருங்கும்போது எங்கள் ஆட்கள் ஏதாவது விவரம் கேட்டுத் திருப்பிவிடுவார்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. கணினி வந்தபோது ஆறு மேசை ஆறு லாகின் ஆயிற்று, அவ்வளவுதான்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் கிடந்த கிடை ஞாபகம் இருக்கிறதா? 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடியையே எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் சீல் குத்து என்று யாரையும் விரட்டவில்லை, சீலே வேண்டாம் என்றார்கள்.

சூப்பரண்டிடம், கவுண்டரில் நானே உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்க்கிறேன் என்றேன். "மே மாசம் ரிட்டயர் ஆகப்போறீங்க, எதுக்கு வம்பு?" என்றார். அப்புறம் ஒரு மாசம் பார்க்கலாம் என்று நாற்காலி போட்டுக் கொடுத்தார். இன்றைக்கு ஆறாவது நாள். அங்கே ஃபேன் ஓடாது.

பொங்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவே வா. வராந்தாவில் உட்கார்ந்து நீயே எண்ணு. நான் எண்ணிச் சொன்னால் நம்ப மாட்டாய். சாக்பீஸ் வேண்டாம், இப்போது டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள்.

உன்,
பழனி