கட்டியங்காரன் ஜால்ரா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நாடகச் சொற்களுக்கு ஊரில் வழங்கும் கேலிப் பொருள்களைத் தொகுத்து ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பபூன், ராஜபார்ட், பின்பாட்டு, சீன் போடுதல் எல்லாம் இருந்தன. அவற்றில் பல நாங்களே வேஷம் கட்டும் கொட்டகையில் சொல்லிச் சிரிப்பவைதான், குறையில்லை. ஆனால் 'கட்டியங்காரன்: தலைவர் காரை விட்டு இறங்குவதற்குள் மூன்று முறை வாழ்க சொல்பவர்' என்ற வரியை எங்களால் தாங்க முடியவில்லை.

அரசவையில் அரசன் புகழைச் சொல்லிக் கட்டியம் கூறியவர் வேறு, தெருக்கூத்தின் கட்டியங்காரன் வேறு. இது தாங்கள் அறியாதது அல்ல. களரி கட்டி, அதாவது தொடக்க வாத்தியம் வாசித்து முடிந்ததும் சபைக்கு முதலில் வருபவர் அவர். அன்றைக்கு என்ன கூத்து, யார் உபயம் என்று சொல்வார். பிறகு ராஜா வேஷம் வந்து திரைக்குப் பின்னால் நிற்கும். இரண்டு பேர் பிடித்திருக்கும் துணிக்கு மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரியும். துரியோதனன் தன் குலப்பெருமையை விருத்தமாகப் பாடி முடிப்பான். திரை விலகும். உடனே கட்டியங்காரன், "யாருய்யா நீ? இந்த நேரத்துல எங்க ஊருல உனக்கு என்ன வேலை?" என்பார். வாழ்க சொல்கிறவர் பேசும் பேச்சா இது?

ராஜாவுக்கு விருத்தமும் தரு என்ற பாட்டும் வசனமும் உண்டு. கட்டியங்காரனுக்கு ஊர்ப் பேச்சு. அஸ்தினாபுரத்து வரிவசூலைக் கேட்கிற சாக்கில் ரேஷன் கடைப் பாமாயிலையும் அடைத்துக் கிடக்கிற ஏரி மதகையும் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், சனம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்க்கும். உள்ளே வேஷம் முடியவில்லை என்று சாடை வந்தால் சபையைத் தனியாளாகத் தாங்குவதும், தூதன், வாயிற்காவலன் என்று சில்லறை வேஷங்களைச் செய்வதும், பாட்டு மறந்தவருக்கு அடியெடுத்துக் கொடுப்பதும் அவரே. ஆகவே பாரதம் முழுவதும் மனப்பாடமான ஆளிடம்தான் வாத்தியார் அந்த வேஷத்தைக் கொடுப்பார். திரௌபதியின் சேலையை உரியும் துகில் கூத்தில் கட்டியங்காரன் எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துகிறார் என்று பாருங்கள். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு அம்மனிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த நேரம் கட்டியங்காரன் வாயிலிருந்து ஒரு வேடிக்கை வராது. ஒரு ராத்திரி முழுக்க நின்று பார்த்தவர் யாரும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

பின்பாட்டுக்கு 'ஆமாம் சாமி' என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். முகவீணை என்ற சின்னக் குழலின் சுருதி உச்சத்தில் நிற்கும். வேஷக்காரர் அதற்கு ஈடாகப் பாடி, அந்த அடி முடிந்ததும் அடவுக்குள் இறங்கி, கிரிக்கி என்கிற சுழல் ஆட்டம் சுற்ற வேண்டும். அவர் ஆடுகிற அவ்வளவு நேரமும் பின்பாட்டுக்காரர் அதே அடியைத் திருப்பிப் பாடினால்தான் அவருக்கு மூச்சு திரும்பும். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் முன்னால் விழுங்கிவிட்டால் மத்தளத்தின் முத்தாய்ப்பும் ஆடுகிறவரின் காலும் பிரிந்துபோகும். சுருதி இறங்கினால் அடுத்த அடியை எடுக்கவே முடியாது.

'வேஷம் கலைந்தது' என்றால் மோசடி அம்பலமானது என்று நீங்கள் மட்டுமல்ல, ஊரே சொல்கிறது. முத்துவெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை என்று முகம் எழுதவே இரண்டு மணி நேரம் போகும். எண்ணெய் கூடினால் வியர்வையில் வழியும், குறைந்தால் நள்ளிரவுக்குள் வெடித்து உதிரும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடத்துக்கு அடியில் தலைத்துணியை இறுக்கிச் சுற்றாவிட்டால் முதல் கிரிக்கியிலேயே சாயும். இறுக்கினால் கயிறு நெற்றியை அறுக்கும். விடிந்து அதையெல்லாம் அவிழ்த்து, மறுபடியும் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைப்பதுதான் எங்களுக்கு வேஷம் கலைப்பது. நெற்றித் தழும்பு மட்டும் கலையாது.

அந்தப் பக்கத்தின் தலைப்பாக 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்று போட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு கட்சியும் போட்டிக்குக் கூத்து விடும் என்று ஒரு காலத்துக் கணக்கு. இப்போது ஊர் இரண்டுபட்டால் திருவிழாவே நின்றுபோகிறது. தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தை வைப்பார், காவல் நிலையம் அனுமதி மறுக்கும், வெற்றிலைபாக்கோடு வாங்கிய அச்சாரத்தை நாங்கள் திருப்பிக் கொடுப்போம். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் பட்டியல் சாதி மக்களை உள்ளே விடாமல் தடுத்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். திரௌபதி கோயில் பூட்டிக் கிடந்தால் பாரதக் கூத்து எங்கே நடக்கும்? 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்று இன்னொரு பழமொழி இருக்கிறது. ஒருவன் விடியலுக்கும் ஒருவன் பொழுது சாய்வதற்கும் காத்திருக்கிறான். எங்கள் பிழைப்பு தெரிந்தவர் சொன்னது அது. அதைத் தலைப்பாக்க உங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சட்டசபையில் மேசையைத் தட்டினால் 'கூத்து', வேட்பாளர் கட்சி மாறினால் 'நாடகம்', சினிமா நடிகர் தேர்தலில் நின்றால் 'கூத்தாடி' என்று வருஷக்கணக்கில் தலைப்பு வருகிறது. அந்த நடிகரின் சம்பளம் எங்களுக்கு இல்லை, வசவு மட்டும் வந்து சேர்கிறது. 2025-இல் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த செய்தியைப் போட்டீர்கள், நன்றி. ஆனால் அதற்குப் பிறகும் கூத்துப் படத்துக்குக் கீழே 'கதகளி' என்று அச்சாகி வந்தது. திருத்தம் கேட்டு எழுதினோம். பதில் வரவில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கூத்துக்கு அனுமதி கேட்டுப் போனால், அதையும் ரெக்கார்டு டான்சையும் 'ஆடல் பாடல்' என்று ஒரே மனுவில் சேர்த்து, அரைகுறை உடை கூடாது, பத்து மணிக்குமேல் மைக் கூடாது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கர்ண மோட்சத்தில் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறவே நள்ளிரவு தாண்டிவிடும். கூத்து என்றால் கும்மாளம் என்று படித்துப் பழகிய அதிகாரிக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் 'தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்பவர் அரசனைக் கேள்வி கேட்கும் விதூஷகர்' என்று ஒரு வரி போடுங்கள். பங்குனி முதல் ஆடி வரை 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கச்சேரிகளோடு ஊர்ப் பெயரும் கூத்தின் பெயருமாக இரண்டு வரி ஒதுக்குங்கள். அன்றன்று மாலை மூன்று மணிக்குள் விவரத்தை உங்கள் மாவட்ட நிருபரிடம் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கூத்து மத்தளக்காரர் ஒருவர்,
செய்யாறு வட்டம்