விளையாட்டு பேட்ஜ்: சாரண, சாரணியர் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நம் பள்ளியின் சாரணர் படையிலும் சாரணியர் படையிலும் இருக்கும் பிள்ளைகள், இந்தப் பருவத்தில் சாரணர் இயக்கத்தின் தேர்ச்சிச் சின்னமான விளையாட்டு பேட்ஜுக்குத் தயாராகிறார்கள். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் நம் மைதானம் சேறாகிவிடும். அதனால் ஆகஸ்டில் ஆரம்பித்து தீபாவளிக்கு முன் முடித்துவிடத் திட்டம். திங்கள், புதன், வெள்ளி மாலை 4.15 முதல் 5.15 வரை பயிற்சி இருக்கும். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

சேதி பரவியதும் சில பெற்றோர் வந்து கேட்டார்கள்: "என் பையன் ஓட்டத்தில் கடைசியாகத்தான் வருவான், அவனுக்கு எப்படி சார் கிடைக்கும்?" கிடைக்கும். முதலில் வருபவருக்குப் பதக்கம் கொடுக்க விளையாட்டு விழா இருக்கிறது. இந்த பேட்ஜுக்கு ஒரு பிள்ளை தன்னோடுதான் போட்டி போட வேண்டும். முதல் வாரத்தில் எல்லோருக்கும் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல் மூன்றும் வைத்து அளவைக் குறித்துக்கொள்வோம். பயிற்சி முடியும்போது மறுபடி அளப்போம். ஆகஸ்டில் பாதியில் மூச்சு வாங்கி நின்ற பிள்ளை அக்டோபரில் 600 மீட்டரை முழுதாக ஓடி முடித்தால், அவன் கடைசியாக வந்தாலும் அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

ஒவ்வொருவரும் ஒரு குழு விளையாட்டையும் ஒரு தனி விளையாட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். குழு விளையாட்டுக்கு கபடி, கோகோ, வாலிபால் இருக்கின்றன. எது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். எடுத்த விளையாட்டை ஆடினால் மட்டும் போதாது, அதன் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். கபடி என்றால் இந்த வயதுக்கான ஆடுகளம் 11 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதைத் தாங்களே அளந்து சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். பாடிப் போகிறவருக்கு 30 விநாடிதான் நேரம் என்பதும், எதிரணி முழுவதையும் வெளியேற்றினால் அது லோனா, அதற்கு இரண்டு புள்ளி கூடுதல் என்பதும் தெரிய வேண்டும். அப்புறம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடும் ஓர் ஆட்டத்துக்கு நடுவராகவும் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே கடினமான பகுதி இதுதான். தன் தம்பி ஆடுகிற அணிக்கு எதிராக விசில் ஊதுவதற்குத் தைரியம் வேண்டும். மரியாதை, ஒழுக்கம், தைரியம் மூன்றும் சாரணர் விதிகளில் இருக்கின்றன. விதிகளை மனப்பாடமாகச் சொல்ல நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே வரும். அவற்றின்படி நடக்கிறார்களா என்பது மைதானத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து முதலுதவி. இதைப் பெற்றோரும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால் பள்ளியில் நாங்கள் சொல்லிக் கொடுப்பதற்கும் வீட்டில் காலங்காலமாகச் செய்வதற்கும் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் தேய்த்து சுளுக்கு வழிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அடிபட்ட அன்றும் மறுநாளும் அதைச் செய்ய வேண்டாம், வீக்கம் கூடும். காலை அசைக்காமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் வைத்து, பட்டித் துணியால் இறுக்கமில்லாமல் கட்டி, தலையணை மேல் உயர்த்தி வைத்தால் போதும். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எலும்பு முறிவாக இருக்கலாம், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். கையில் அடிபட்டால் சாரணர் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபையே தூளியாகக் கட்டிக் கையைத் தாங்கலாம். இதை உங்கள் பிள்ளை வீட்டில் செய்து காட்டுவான், கேட்டுப் பாருங்கள்.

விழுந்து பல் போய்விட்டால், அது பால் பல்லாக இல்லாமல் நிலைத்த பல்லாக இருந்தால், தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல், கடிக்கும் பக்கத்தைப் பிடித்து எடுத்து, தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போனால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு. தலையில் பலமாக அடிபட்ட பிள்ளை, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எவ்வளவு சொன்னாலும் அன்றைக்கு ஆட விட மாட்டோம். வீட்டுக்கு வந்த பிறகு வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர் வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தலை சுற்றல், தலைவலி, அளவுக்கு மீறிய வியர்வை என்றால் நிழலில் உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பயிற்சி நாளில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரோ, உப்புப் போட்ட மோரோ கொடுத்து அனுப்புங்கள். கலர் பாட்டில் பானங்கள் வேண்டவே வேண்டாம். பயிற்சி முடிந்து வருகிறவர்களுக்குப் பசி தாங்காது. ஒரு வாழைப்பழம், கொஞ்சம் சுண்டல், இல்லையென்றால் இரண்டு கடலை உருண்டை போதும். புது ஷூ வாங்கித் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கபடியும் கோகோவும் நம் மண்ணில் வெறுங்காலோடு ஆடலாம். ஓட்டத்துக்குப் பள்ளிக்குப் போட்டு வரும் கேன்வாஸ் ஷூ போதும்.

வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று தூக்கம். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். இரவு பதினொன்று வரை போன் பார்த்துவிட்டு வரும் பிள்ளையை எந்தப் பயிற்சியாலும் தேற்ற முடியாது. இன்னொன்று லாக் புக். தினமும் என்ன பயிற்சி செய்தோம், எவ்வளவு நேரம், உடம்பு எப்படி இருந்தது என்று அதில் பிள்ளைதான் எழுத வேண்டும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சொல்லிக் கொடுத்த ஆறு உடற்பயிற்சிகளைக் காலையில் வீட்டில் செய்யச் சொல்லியிருக்கிறோம். அதற்குப் பத்து நிமிடம் போதும். ஒரு நாள் செய்யவில்லை என்றால் "செய்யவில்லை" என்றே எழுதட்டும், அதற்காகப் புள்ளியைக் குறைக்க மாட்டோம். தயவுசெய்து நீங்கள் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுக்காதீர்கள். எழுத்துப் பிழையோடு, வியர்வைக் கறையோடு வரும் நோட்டைத்தான் நானும் சாரண ஆசிரியரும் விரும்பிப் படிப்போம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஏழாம் வகுப்பு வந்ததும் "இனிமே மைதானம் வேண்டாம்" என்று நிறுத்திவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நிறுத்தாதீர்கள். பயிற்சி நேரம் முழுவதும் சாரணியர் ஆசிரியை கூடவே இருப்பார். மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக ஆடலாம். முடியாத நாளில் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உட்கார்ந்து ஸ்கோர் எழுதலாம், அதுவும் பயிற்சிக் கணக்கில் சேரும்.

கை கால் இயக்கத்தில் சிரமம் உள்ள பிள்ளைகளையும் கட்டாயம் அனுப்புங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, சிறுவயதில் விபத்தில் கால் பாதிக்கப்பட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் பதக்கத்தோடுதான் திரும்பினார். அந்தந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று உடற்கல்வி ஆசிரியரும் நீங்களும் நானும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு என்று எது இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அதற்காக யாரையும் ஒதுக்க மாட்டோம், எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளையின் பையில் அது எப்போதும் இருக்கட்டும். படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மைதானத்தில் பெற்றோர் கூட்டம். ஊர் டீமில் கபடி ஆடிய அப்பாக்களும், பள்ளி நாளில் கோகோ ஆடிய அம்மாக்களும் நம்மில் நிறையப் பேர் உண்டு. வாரத்தில் ஒரு மாலை வந்து கோட்டு நடுவராக நிற்க முடிகிறவர்கள் அன்றைக்குப் பெயர் கொடுங்கள். வீட்டில் விசில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்